தாய்மாமன் உட்கார்ந்த குழந்தை சீட்டு

ஊருக்கு ஊர் முட்டாள் உண்டு. ஆனால் தேடினால்தான் அகப்படுவான். பனையடிபுரத்துக்காரர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. கீழத்தெருவில் அம்பலவாணன், சிங்காரம், உலகநாதன் என்று மூன்று பேர், ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். ஒருவருக்குப் புத்தி வேலை செய்யாதபோது மற்ற இருவரும் கூடவே நிறுத்திக்கொள்வார்கள். அப்படி ஒரு பாசம்.

இவர்களுக்கு ஒரே தங்கை, செண்பகவல்லி. அவளுக்கு மட்டும் எப்படியோ மூளை வாய்த்துவிட்டது. கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், தன் பெண்குழந்தைக்குக் காது குத்த ஊர் எல்லையிலிருக்கும் கரையடிச் சாஸ்தா கோயிலில் நேர்ந்திருந்தாள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் மூன்று பேர் இருந்தால் மூத்தவர் மடி. இதில் மாற்றுப்பேச்சே கிடையாது.

மூத்தவர் அம்பலவாணன் அதற்காகப் பட்டு வேட்டி எடுத்து, அதைக் கட்டிச் சம்மணம் போட்டு, வீட்டுப் பூனையை மடியில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். பூனை அவரது உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. தொடையில் பிறாண்டிய தழும்பையெல்லாம் வருகிறவர் போகிறவருக்குப் பெருமையாகக் காட்டினார்.

இந்த நிலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்று பார்சலில் வந்தது. உள்ளே பஞ்சு மெத்தையும் பெல்ட்டுமாக ஒரு குட்டி நாற்காலி. பின்னாலேயே செண்பகத்தின் போனும் வந்தது.

"பெரியண்ணே, அது பிள்ளைக்குக் கார் சீட்டு. ரயிலடியில இருந்து கோயிலுக்கு உங்க கார்ல அதுலதான் வரும்."

"மாமன் மடி இருக்கும்போது சீட்டு எதுக்கும்மா?"

"சடக்குன்னு பிரேக் போட்டா மடியில இருக்கிற பிள்ளை பறந்துரும்ணே. மடிக்குப் பெல்ட்டு இருக்கா?"

அம்பலவாணன் குனிந்து பார்த்தார். இல்லை.

"கேட்டுக்கோங்க. சீட்டு ஒரு இம்மிகூட அசையக் கூடாது. பிள்ளை பின்பக்கம் பார்த்து உக்காரணும். நீங்களா கை வைக்காம, நல்லாக் கட்டத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க. வெறும் சீட்டை ஆட்டிப் பார்த்தாப் பத்தாது, உள்ள பாரம் வச்சுச் சோதிக்கணும். இதெல்லாம் சரியா இல்லேன்னா நான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கார்ல வந்துருவேன். அப்புறம் காதுகுத்துக்கும் அவரே மடியை விரிச்சுட்டாருன்னா என்னைக் கேக்கப்படாது."

அம்பலவாணன் போனை வைத்துவிட்டு மடியைத் தடவிப் பார்த்தார். மடி கைவிட்டுப் போனால் பனையடிபுரத்தில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அன்று மத்தியானம் அவர் மூன்று தட்டுச் சோறுதான் சாப்பிட்டார்.

முதலில் சீட்டு அசைகிறதா என்று பார்த்தார்கள். அதைக் காரின் பின்சீட்டில் வைத்து உலகநாதன் வண்டியை மெல்ல ஓட்ட, சிங்காரம் ஜன்னல் வழியாகச் சீட்டையே பார்த்தபடி கூடவே ஓடினான். ரேஷன் கடை வந்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, மோசம் போயிட்டோம்! கெளம்பும்போது சீட்டு நம்ம வாசலுக்கு நேரா இருந்துச்சு. இப்ப ரேஷன் கடைக்கு நேரா இருக்கு. இம்மிகூட அசையக் கூடாதுன்னா, இது ஒரு தெருவே அசைஞ்சிருக்கு!"

"வண்டி ஓடுற வரைக்கும் இது அசையத்தான்ல செய்யும்" என்றார் அம்பலவாணன். "வண்டியை நிறுத்து."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் அம்மிக்கல், ஆட்டுக்கல், குழவி, உரல் என்று அண்டக் கொடுத்தார்கள். சீட்டு ஆடாமல் அசையாமல் இருந்தது. மூவருக்கும் பரம திருப்தி. வீட்டில் இரண்டு நாள் சட்னி மட்டும் இல்லை.

செண்பகம் போனில் விசாரித்தபோது, "கல்லு மாதிரி இருக்கும்மா, காரும் சேர்ந்து" என்று சொல்லப்போய் விஷயம் வெளிவந்தது. அந்தப் பக்கம் அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. "கார் ஓடலாம்ணே, காருக்குள்ள சீட்டுதான் ஆடக் கூடாது" என்றாள். இவ்வளவு நுட்பத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று சிங்காரம் குறைப்பட்டுக்கொண்டான்.

அடுத்தது பின்பக்கம் பார்க்கிற விவகாரம். இதில்தான் அம்பலவாணனுக்குக் கோபம் வந்தது.

"பிள்ளை பின்பக்கம் பார்த்து உக்காந்தா, கார் கோயிலுக்குப் போகும்போது சாஸ்தாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போகுமேடா! நேர்ந்துக்கிட்ட சாமிக்கு யாராவது முதுகு காட்டுவாங்களா?"

"தங்கச்சி பேச்சையும் தட்டப்படாதே" என்றான் சிங்காரம்.

மூவரும் மோவாயில் கை வைத்து யோசித்தார்கள். கடைசியில் உலகநாதன், அந்தக் குடும்பத்திலேயே லைசென்ஸ் வாங்கியவன், வழி சொன்னான்.

"பிள்ளை பின்னாடியே பாக்கட்டும். நான் காரைப் பின்னாடியே ஓட்டுதேன். அப்ப சாமி முகம் தெரியும்ல?"

அம்பலவாணன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படித்தவன் படித்தவன்தான்.

மிச்சம் இருந்தது கட்டத் தெரிந்த ஆள். வைக்கோல் பாரம் கட்டுகிறவரைச் சொன்னான் உலகநாதன். போன அறுப்பில் அவர் கட்டிய பாரம் சரிந்து பாதையை அடைத்தது என்று சிங்காரம் மறுத்தான். பந்தல் கட்டுகிறவர் பேரும் அடிபட்டது. அது காற்றுக்கு ஆடும்.

"ஊர்ல யார் கட்டினது இதுவரைக்கும் அவுந்ததே இல்ல?" என்று கேட்டார் அம்பலவாணன்.

தம்பிகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. பாடை கட்டும் மாடக்கண்ணு!

"அவரு கட்டி ஒரு ஆளு நழுவி விழுந்ததுண்டா?" என்றான் சிங்காரம். "போனவங்கள்ல ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா?"

ரயில் வருகிற அன்று காலையில் மாடக்கண்ணு தேங்காய்நார்க் கயிறோடு வந்து சேர்ந்தார். பெல்ட்டையும் கொக்கியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நாடாவெல்லாம் நம்ம தொழிலுக்கு ஆகாது அண்ணாச்சி" என்று ஒதுக்கினார். பிறகு, "உள்ள வைக்க வேண்டியது எங்கே?" என்று கேட்டார்.

"பாரம் வைக்கணும்னு தங்கச்சி சொல்லியிருக்கா. நம்ம வீட்டுல நல்ல பாரம் எது?" என்று அம்பலவாணன் யோசித்தார். தம்பிகள் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமலே அவரைக் கைகாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது அவருக்கும். பிள்ளை உட்கார வேண்டிய மடி, முன்கூட்டியே ஒரு தடவை வண்டி ஏறிப் பார்ப்பது நல்லதுதானே. பட்டு வேட்டியோடு ஏறினார்.

குழந்தை சீட்டுக்குள் அவருடைய கால்வாசி போனது. மிச்சத்தை மூன்று பேர் அமுக்கினார்கள். மாடக்கண்ணு காருக்குள் கயிற்றை விட்டு, சீட்டோடு மாமனையும் மாமனோடு சீட்டையும் சுற்றி, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். பழக்கதோஷத்தில், "சங்கு ஊதுறவருக்குச் சொல்லியாச்சா?" என்றும் கேட்டுவைத்தார்.

ஆட்டிப் பார்த்தார்கள். கார் ஆடியது, சீட்டு ஆடவில்லை. அம்பலவாணன் மூச்சு விடும்போதுகூட ஆடவில்லை, ஏனென்றால் மூச்சு பாதிதான் வந்தது.

"பிரமாதம். சரி, இப்ப அவுத்து விடும்" என்றார் அவர்.

"அவுக்கிறதா?" மாடக்கண்ணு கைகளைத் துடைத்துக்கொண்டார். "கட்டி அனுப்புறதோட நம்ம வேலை முடிஞ்சுது அண்ணாச்சி. அவுக்கிறது சுடுகாட்டுல இருக்கிற வேலாண்டி. அடுத்தவன் தொழில்ல நான் கை வைக்க மாட்டேன்."

சிங்காரம் அரிவாளை எடுத்து வந்தான். "நல்ல காரியத்துக்குப் போட்ட முடிச்சை இரும்பால அறுப்பியால?" என்று அம்பலவாணன் போட்ட அதட்டலில் அதைக் கீழே போட்டான். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கட்டியபடியே கிளம்பினார்கள்.

கார் பின்பக்கமாகவே போனது. சாலை அம்பலவாணனுக்குத்தான் தெரிந்தது. அவர், "எருமை! எருமை!" என்று கத்துவார். சிங்காரம் அதை உலகநாதனிடம் பணிவாக எடுத்துச் சொல்வான். அதற்குள் எருமையே ஒதுங்கிவிடும். எதிரே வந்த லாரிக்காரர், ஒரு கார் முதுகைக் காட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, தன் வண்டிதான் திரும்பி நிற்கிறதோ என்று இறங்கிப் பார்த்தார்.

ரயிலடியில் செண்பகம் குழந்தையோடு நின்றாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டு வேட்டி, கயிறு, நடுவில் வியர்த்து வழியும் பெரியண்ணன்.

"வாம்மா. சீட்டு அசையுதான்னு நீயே ஆட்டிப் பாரு" என்றார் அவர்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். நல்லவேளையாகக் கணவனின் அண்ணன் தன் காரில் வந்திருந்தார். அவர் டவுனில் விவரம் தெரிந்த கடையில் ஒரு சீட்டை முறையாகப் பொருத்தி, வேறொரு ஆளிடம் காட்டிச் சரிபார்த்தும் வைத்திருந்தார். குழந்தை அதில் ஏறிய உடனே தூங்கிவிட்டது. அம்பலவாணனுக்கு நெஞ்சு வெடித்தது. வெடிக்கக் கயிறு இடம் கொடுக்கவில்லை.

கோயிலில் காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது, மாமனைக் காணோம். செண்பகத்தின் கணவனுடைய அண்ணன் தயங்கித் தயங்கித் துண்டை உதறி உட்காரப்போன சமயத்தில், கார் பின்பக்கமாக மண்டப வாசல்வரை வந்து நின்றது.

"யாரும் உக்காரப்படாது! மடி இங்க இருக்கு!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

வேறு வழியில்லாமல், நின்ற காருக்குள் குழந்தையை அவர் மடியில் வைத்து, செண்பகம் பிடித்துக்கொள்ள, பத்தர் கதவு வழியாகக் குனிந்து காது குத்தினார். குழந்தை ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொண்டது. அம்பலவாணன்தான் ஊரே கேட்க ஓவென்று அழுதார். மடி காப்பாற்றப்பட்ட ஆனந்தம்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பிகள் அண்ணனை அவிழ்த்து வரக் காரைச் சுடுகாட்டுக்கு ஓட்டினார்கள், பின்பக்கமாகவே. அங்கே வேலாண்டி வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மாடக்கண்ணு முடிச்சு. சந்தேகத்துக்கு இடமில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் விறகைச் சரிபண்ணிக்கொண்டே கேட்டார்:

"கொள்ளி வைக்கிறது யாருப்பா?"

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணனுக்கு அடுத்தவன் நான்தான்" என்றான் சிங்காரம். "கார் ஓட்டிக்கிட்டு வந்தது யாரு? நான்தான் வைப்பேன்" என்றான் உலகநாதன். பேச்சு முற்றி, இருவரும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்கள்.

காருக்குள்ளிருந்து அம்பலவாணன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

"ஏலேய்! மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்களுக்கு என்னல உரிமை? கொள்ளியை இங்க கொண்டா, நானே வைக்கேன்!"