நாற்பது கடைக்கும் ஒரே மூக்கு

"இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கேனே!"

அரண்மனை வாசலில் நீண்டு நின்ற வரிசையில் ஒரு மிளகு வணிகர், கையிலிருந்த தன் படத்தைப் பார்த்து முணுமுணுத்தார். அந்தப் பக்கமாகப் போன எயினியின் காதில் அது விழுந்தது. எயினி, மன்னர் மல்லவேந்தரின் சபையில் ஓலை வாசிப்பவள். வாசிக்கும்போதுதான் அவள் வாய் திறக்கும். மற்ற நேரமெல்லாம் கண்தான் வேலை செய்யும்.

வரிசைக்குக் காரணம் ஒரு கிளி. போன மாதம் ஒரு கப்பல் வணிகக் குழுவின் உரிமையாளரை மன்னர் விருந்துக்கு அழைத்தார். கூண்டோடு வந்து இறங்கியது ஒரு பச்சைக்கிளி! பத்து வருடமாக அதன் பெயரில்தான் தொழில் நடந்திருக்கிறது. மன்னருக்கு வந்ததே கோபம். உடனே ஆணை பிறந்தது: தொழில் நடத்தும் உரிமையாளர் யாராக இருந்தாலும், அரண்மனை ஓவியர் மயிலப்பர் எழுதிய படத்தோடு நேரில் வர வேண்டும். முகம் பொருந்தினால் முத்திரை. பொருந்தாவிட்டால், கடை படத்தில் இருப்பவருக்கே சொந்தம். அவர் வரும்வரை சாவி மந்திரி பொன்னம்பியிடம் இருக்கும். கடையை மந்திரியின் மைத்துனர் பார்த்துக்கொள்வார்.

மொத்தம் நாற்பது கடை. காலையிலிருந்து ஒரு முகமும் பொருந்தவில்லை. மைத்துனரின் இடுப்பில் சாவிகள் கலகலத்தன.

வரிசையிலிருந்த படங்களை ஒரு நோட்டம் விட்டு, ஒரு காவலனை எங்கோ அனுப்பிவிட்டு எயினி உள்ளே நுழைந்தபோது எண்ணெய் வணிகம் செய்யும் உமையாள் ஆச்சியின் முறை.

"படத்தில் மரு இல்லை. உங்கள் கன்னத்தில் இருக்கிறது" என்றார் மந்திரி. "நீங்கள் இவர் இல்லை. சாவி!"

"அடப்பாவி மனுஷா! அவர் மருவை விட்டுட்டா, நான் நானில்லாமப் போயிடுவேனா? முப்பது வருஷமா அந்தச் செக்கு ஓடுது. பதினாறு குடும்பம் அதை நம்பிச் சாப்பிடுது!"

"ஆணை ஆணைதான், ஆச்சி."

ஆச்சி சாவியை முந்தானையில் இறுக முடிந்துகொண்டார். எயினி தொண்டையைச் செருமினாள்.

"அரசே, முத்துக்குளிக்கும் துறைக்கு உரிமையாளர் யார்?"

"நான்தான். ஏன்?"

"'யாராக இருந்தாலும்' என்றுதானே ஆணை? வரிசையில் உங்களைக் காணோமே!"

மன்னருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. துள்ளி இறங்கி ஆச்சிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மயிலப்பர் முன்பே எழுதியிருந்த அவருடைய படம் வந்தது. படத்தில் ஒட்டிய கன்னம், சுருண்ட முடி, கூரிய மூக்கு. எதிரே நின்றதோ உப்பிய கன்னம், வழுக்கை, உருண்டை மூக்கு.

"பொருந்துகிறதா மந்திரியாரே?"

மந்திரி மன்னரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருந்துகிறது" என்றால் இதுவரை வாங்கிய சாவிகளை எல்லாம் திருப்பித் தர வேண்டும். "பொருந்தவில்லை" என்றால் தலை போகும்.

"சிரமப்படாதீர்கள்" என்றாள் எயினி. "படத்தில் இருப்பவரையே வரச்சொல்லியிருக்கிறேன்."

காதில் தூரிகையைச் செருகியபடி ஓவியர் மயிலப்பர் வந்தார். ஒட்டிய கன்னம். சுருண்ட முடி. கூரிய மூக்கு. சபை வாயைப் பிளந்தது.

"பத்து நாளில் நாற்பது படம் கேட்டீர்கள்" என்றார் ஓவியர், தலையைச் சொறிந்தபடி. "ஆளுக்கு ஒரு நொடிதான் நின்றார்கள். மீதியைக் கண்ணாடி பார்த்து எழுதினேன். எங்கள் பட்டறையில் அப்படித்தான் பழக்கம்."

எயினி ஆச்சியின் படத்தை ஓவியரின் முகத்தருகே பிடித்து, அவருடைய மீசையை விரலால் மறைத்தாள். அச்சு அசல்!

"ஆணைப்படி நாற்பது கடையும், முத்துத் துறையும் இவருக்கே சொந்தம், அரசே."

சொல்லி வாய் மூடவில்லை, மைத்துனர் ஓடிப்போய் ஓவியரின் காலில் விழுந்தார். "முதலாளி! எண்ணெய்க் கடையை மட்டும் என் பொறுப்பில் விட்டுவிடுங்கள்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஆச்சியைக் காட்டி, வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "இவர் உமையாள் ஆச்சிதான் என்று யாருக்குத் தெரியும்?"

"ஆச்சியேதான், மகாராஜா!" என்றார் மிளகு வணிகர். "காலையில வரிசையில புகுந்தேன்னு என்னைப் பிலுபிலுன்னு பிடிச்சாங்களே!"

"என்னையும்!" "என்னையும்!" என்று பின்னாலிருந்து பதினேழு குரல்கள்.

மன்னர் ஆச்சியின் உரிமை ஓலையில் தன் கையாலேயே முத்திரை குத்தினார். மைத்துனரின் இடுப்பிலிருந்த சாவிகள் ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திரும்பின. முத்துத் துறையின் முதல் முத்து எயினிக்குப் பரிசாக வந்தது.

மயிலப்பர் பட்டறைக்குத் திரும்பி, கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். ஆச்சியை எதிரே உட்காரவைத்து, புதுத் துணியை விரித்து, முதலில் அந்த மருவை எழுதினார்.