மன்னருக்காகப் பத்தியம் இருந்தவன்

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு நாடு இருந்தது. அரசர் மதிவர்மருக்கு ஒரு சளி போனால் இன்னொன்று வரும். மழைக்குக் காய்ச்சல், வெயிலுக்குத் தலைவலி, இரண்டும் இல்லாத நாளில் காரணம் தெரியாத அசதி. படியேறினால் மூச்சு வாங்கும். உட்கார்ந்தால் கண் சொருகும்.

அரண்மனை வைத்தியர் கேசவ பண்டிதர் கெட்டிக்காரர்தான். நாடி பிடித்த அன்றே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வயிற்றில் செரிக்கிற தீ அவிந்து கிடக்கிறது. தின்பதெல்லாம் வலுவாக மாறாமல் உடம்பில் தேங்குகிறது. நெல்லிக்காய், அமுக்கரா, சீந்தில் சேர்த்து நெய்யில் கிண்டிய லேகியம் இதற்கு உண்டு. கூடவே பத்தியமும் உண்டு. பசித்த பிறகே உண்ண வேண்டும். விடியுமுன் எழுந்து நடக்க வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. இரவில் தயிரும் பொரித்த பண்டமும் ஆகாது.

லேகியத்தைச் சொன்னபோது பண்டிதரின் குரல் கணீரென்று இருந்தது. பத்தியத்துக்கு வந்தபோது அரசரின் முகம் சுருங்கியது. அந்த முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர் பண்டிதர். சொல்ல வந்த உண்மை பாதியில் நிற்க, அதன் இடத்தில் ஒரு யோசனை தானாகவே வந்து விழுந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. அரசருக்காக ஏகாதசி விரதம் இருக்க ஒருவர், கோயிலைச் சுற்றி வர ஒருவர், அவர் நேர்ந்துகொண்டால் மொட்டை போட்டுக்கொள்ள ஒருவர் என்று ஆட்கள் இருந்தார்கள். பத்தியத்துக்கும் ஓர் ஆளை வைத்தால் என்ன என்றார் பண்டிதர். ஆளையும் அவரே சொன்னார். சபையைச் சிரிக்க வைக்கும் அரண்மனை விகடன் அம்பலக்கூத்தன்.

பண்டிதரின் மாத்திரைகளை வைத்துக் காக்கை விரட்டலாம் என்று கூத்தன் சபையில் சொன்னது இன்னும் ஊரில் உலவிக்கொண்டிருந்தது. உளுந்து வடையும் பகல் தூக்கமும் அவனுக்கு உயிர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவனிடம் ஒருமுறையாவது கேலிக்கு ஆளான பிரதானிகள் அத்தனை பேரும் மனம் நிறைந்து தலையாட்டினார்கள்.

அன்று முதல் லேகியம் அரசருக்கு, பத்தியம் கூத்தனுக்கு. லேகியத்தை நக்கிவிட்டு அரசர் அதிரசத்துக்கும் நெய்ச்சோற்றுக்கும் திரும்பினார். கூத்தன் சீரகக் கஞ்சி குடித்தான்.

"ஊரே அரமனைக்குப் போயி வயிறு முட்டத் தின்னுட்டு வருது," என்றாள் அவன் மனைவி நாகம்மை. "கஞ்சி குடிச்சுட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்."

சில வாரங்கள் அவன் எல்லோரையும் சபித்துக்கொண்டே வெந்நீர் குடித்தான். பிறகு ஒரு காலை, நடந்து திரும்பியபோது, கஞ்சியின் வாசனை அவனை உலுக்கியது. பசி. இத்தனை வருஷமும் தான் தின்றதில் பாதி பயத்தினால் தின்றது என்று அவனுக்குத் தோன்றியது. நாளைக்கு அரசர் சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தை வடையால் அமுக்கி வைத்திருந்தான். அதை நினைத்தபோது, சிம்மாசனத்தில் இருமிக்கொண்டிருந்தவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. பசி எட்டிப் பார்க்குமுன்பே தட்டு வந்துவிடுகிற மனிதர்.

கூத்தனின் கன்னம் மினுங்கத் தொடங்கியது. நடை துள்ளியது. அரசர் தும்மிக்கொண்டே இருந்தார். லேகியத்தின் மேல் பழி வருமுன் பண்டிதர் முந்திக்கொண்டார்.

"மருந்து உண்டவர் மன்னர். பலன் போய்ச் சேர்ந்ததோ இவனிடம். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது, பிரபு?"

அரசர் கூத்தனின் முகத்தையே பார்த்தார். பொன்னும் நிலமும் பிறரிடம் இருப்பதைக் கண்டு அவர் பொறாமைப்பட்டதில்லை. அந்த மினுமினுப்பைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"என் ஆரோக்கியத்தை அடுத்த பௌர்ணமிக்குள் நீ திருப்பித் தர வேண்டும். தவறினால் உன் தலை உனக்கில்லை."

கூத்தனின் கழுத்து வியர்த்தது. குரலில் அதை அவன் காட்டவில்லை.

"தருகிறேன், அரசே. ஆனால் வந்த வழியாகத்தான் அதை அனுப்ப முடியும். மருந்து தங்களிடமும் பத்தியம் என்னிடமும் இருந்தபோது அது என்னிடம் வந்தது. இனி மருந்தை நான் உண்கிறேன். பத்தியம் தாங்கள் இருங்கள்."

இது சரியா என்று அரசர் பண்டிதரைக் கேட்டார். ஆரோக்கியம் அப்படி ஆள் மாறாது என்றால் திருட்டும் நடக்கவில்லை என்றாகிவிடும். மாறும் என்றால் அரசர் கஞ்சி குடித்தாக வேண்டும்.

"சாஸ்திரம் மறுக்கவில்லை, பிரபு," என்றார் பண்டிதர் மெல்ல.

மாற்றம் முழுமையாக இருக்க வேண்டும் என்று கூத்தன் கேட்டுக்கொண்டான். ஆகவே லேகியத்தோடு அதிரசமும் நெய்ச்சோறும் மெத்தையும் அவனுக்குப் போயின. அரசர் முதல் நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார். இரண்டாம் நாள் குடித்தார். உடம்பு நன்றாக வேண்டும் என்பதற்காக அவர் இதைச் செய்திருக்கமாட்டார். திருட்டுப்போன சொத்தை மீட்க வேண்டும் என்பதால் செய்தார்.

ஒரு காலை, தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த அரசர் கலவரத்தோடு பண்டிதரை அழைத்தார். வயிற்றில் ஏதோ கிள்ளுகிறது, புது நோயா என்று கேட்டார்.

பண்டிதர் நாடியைக்கூடத் தொடவில்லை. வெகுநாளாகச் சொல்ல வேண்டியிருந்ததை அன்றுதான் சொன்னார்.

"இல்லை, பிரபு. அது பசி."

பௌர்ணமியன்று அரசர் யார் தோளையும் பிடிக்காமல் படியிறங்கிச் சபைக்கு வந்தார். அவர் கண் தெளிந்திருந்தது. கூத்தன்தான் தூணில் சாய்ந்து தும்மிக்கொண்டிருந்தான். ஊதிய கன்னம், சொருகிய கண். தலை தப்பிவிட்டது என்று மகிழக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

அரசர் அவனையும் லேகியச் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல விடிந்தது.

"அப்படியானால் இந்த மருந்து எதற்கும் உதவாததா?"

பண்டிதரைக் கவிழ்க்க ஒரு சொல் போதும். கூத்தன் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டான்.

"நல்ல மருந்துதான், அரசே. அதுவும் பத்தியமும் ஒரே வயிற்றில் சந்திக்க நாம்தான் இன்னும் விடவில்லை."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் கையில் இப்போது தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த பொற்காப்பைக் கழற்றி, அதுவே கூத்தனுக்குப் பரிசு என்று அவன் கையில் மாட்டப் போனார். காப்பு விரல் முட்டியைத் தாண்டவில்லை. கூத்தன் கையைக் குறுக்கினான், முறுக்கினான். காப்பு அசையவில்லை.

"பத்தியம் இரு, கூத்தா. தானாக ஏறும்," என்றார் அரசர். "அதற்கு ஆள் மட்டும் வைத்துவிடாதே."