கொத்தளப்பட்டின் எளிய நடைபாதை

கொத்தளப்பட்டில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதை எந்த ராஜா கட்டினான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஏன் விட்டுவிட்டு ஓடினான் என்பது மட்டும், ஊர்க்காரர்களோடு கால் மணி நேரம் பேசிப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர்த் தலைவர் பச்சையப்பன். மாட்டுப்பொங்கலுக்கு அவர் மனைவி அஞ்சலையின் பிறந்த வீட்டுக்கு, பக்கத்து ஊரான நெடும்பூண்டிக்கு, விருந்துக்குப் போயிருந்தார். இலையில் ஆட்டுக்கறி விழுந்த நேரம் பார்த்து மச்சான் ஏகாம்பரத்துக்கு வாய் அரித்தது.

"மாமா, சுற்றுலா மேப்புல எங்க ஊரு ஏரி கூட இருக்குது. உங்க ஊரு கோட்டையத்தான் காணோம்."

பச்சையப்பன் இலையை விட்டு எழுந்துவிட்டார். "எங்க ஊரு மேப்புல ஏர்ற வரைக்கும் உன் ஊட்ல கை நனைக்க மாட்டன்டா!"

சபதம் போட்டவர் அவர், அழுதது அஞ்சலை. புருஷன் கை நனைக்காத வீட்டுக்கு அவள் மட்டும் எப்படிப் போவாள்? ஆவணியில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அத்தைக்காரி சீர்த்தட்டு இல்லாமல் என்ன காதுகுத்து என்று சோற்றுப் பானையிடம் கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அந்த ஊரில் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பச்சையப்பன் மனு மேல் மனு போட்டார். சுற்றுலா அதிகாரியம்மா ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கோட்டைக்காக யாரும் வர மாட்டாங்க. இப்பல்லாம் நடக்கத்தான் வராங்க. எளிய நடைபாதை ஒண்ணு போடுங்க. வயசானவங்க நடப்பாங்க, மேடு ஏற வைக்காதீங்க. திருப்பத்துக்குத் திருப்பம் கண்ணுல படுற மாதிரி அம்புக்குறி வேணும். பெஞ்ச் எப்பவும் நிழல்ல இருக்கணும். யார்கிட்டயும் வழி கேக்காம, கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். அடுத்த மாசம் நானே நடந்து பாப்பேன். சரியா இருந்தா மேப்புல ஏத்திடலாம்."

உடனே குழு அமைந்தது. பச்சையப்பன் தலைவர். பெயிண்டர் அர்ச்சுனன். எருமை வைத்திருக்கும் தொப்பளான், பலசாலி. நாலாவது ஆள் முனிரத்தினம். ஒரு காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர் என்பதால், சட்டம் தெரிந்தவர் என்று ஊரில் பேர்.

"கோட்டை மலை மேல இருக்குதே, மேடு ஏறக் கூடாதுன்னுட்டாங்களே," என்றார் பச்சையப்பன்.

முனிரத்தினம் கண்ணை மூடி யோசித்தார். "அப்ப கோட்டை வேணாம்."

"கோட்டையைப் பாக்கத்தானய்யா வெளியூர்க்காரன் வருவான்?"

"பாக்கணும்னு அம்மா சொன்னாங்களா? நடக்கணும்னுதான் சொன்னாங்க. பாத்துட்டா ஏறத் தோணும். ஏறினா மேடு."

மலையடிவாரத்தில் அர்ச்சுனன் ஒரு போர்டு எழுதி வைத்தான்: 'கோட்டையைப் பார்க்காமல் நேராகச் செல்லவும்.'

அடுத்த சிக்கல் புளியமரத்து முக்கில் வந்தது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. சுவரும் இல்லை, பாறையும் இல்லை.

"கண்ணுல படுற மாதிரி இங்க என்னாதான் இருக்குது?" என்றார் பச்சையப்பன்.

"என் எருமைதான். எப்பவும் இங்கயேதான் படுத்துங் கெடக்கும்," என்றான் தொப்பளான்.

"எழுந்து போயிடாதா?"

"அத எழுப்ப என்னாலயே முடியாது. இந்தப் புளியமரமாவது காத்துல ஆடும்."

கருப்புத் தோலில் வெள்ளை அம்பு எடுப்பாக இருந்தது. வாலில் தொடங்கித் தலையில் முடித்தான் அர்ச்சுனன். தன் கைவேலையைத் தள்ளி நின்று பார்த்து அவனே சொக்கிப்போனான்.

அதிகாரியம்மா வரும் நாளும் வந்தது. காலையிலேயே முனிரத்தினத்துக்கு ஒரு சந்தேகம். "வழி கேக்கக் கூடாதுன்னா, கேக்க ஆளே இருக்கக் கூடாதில்ல?"

ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டது. டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த பாலைக் கூட அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குழு மட்டும் புதருக்குப் புதர் பதுங்கிக்கொண்டு பின்னாலேயே போனது.

பஸ் ஸ்டாண்டில் பெரிய போர்டு: 'கொத்தளப்பட்டு எளிய நடைபாதை. கிளம்பும் இடமும் சேரும் இடமும் இதுவே.' அதிகாரியம்மா ஜீப்பை அனுப்பிவிட்டு நடந்தார். கோட்டையடியில் இருந்த போர்டைப் படித்தார். கோட்டையைப் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை மீறாமலேயே உத்தியோகத்தில் உயர்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் கொத்தளப்பட்டு மாதிரி ஊர்கள் பிழைக்கின்றன.

குளக்கரையில் காலை நேரத்து மர நிழல் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. பெஞ்ச் நிழலில்தானே இருக்க வேண்டும்? தொப்பளான் இடுப்பளவு தண்ணீரில் பெஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா தலையைக் கண்டதும், தன்னிடம் வழி கேட்டுவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்து உள்ளே முங்கிவிட்டான். பெஞ்ச் மட்டும் தண்ணீருக்கு மேல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"நிழல்லதான் இருக்கு," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு நடந்தார் அம்மா.

புளியமரத்து முக்குக்கு அவர் வந்ததும், இத்தனை வருஷமாக எழுந்திருக்காத எருமை எழுந்தது. பெயிண்ட் காய்ந்து தோல் அரித்திருக்க வேண்டும். அது நடந்தது. வாலிலிருந்து தலைக்குப் போட்ட அம்பு அல்லவா, எருமை எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்பும் அந்தப் பக்கமே காட்டியது. அம்மா அம்பை மதித்துப் பின்னாலேயே போனார். எருமை ஓடையைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டி, நெடும்பூண்டியில் ஏகாம்பரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் நுழைந்து, நிலக்கடலைச் செடியை ஒரு வாய் மேய்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அம்பு வேலியில் போய் முட்டி நின்றது.

அம்மா சுற்றிப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. களைத்துப்போய் வேப்பமரத்தில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்.

புதருக்குள் பச்சையப்பன் முனிரத்தினத்தின் துண்டைப் பிடித்து இழுத்தார். "போச்சு! அஞ்சலை மூஞ்சில எப்படி முழிப்பேன்? போய் வழி சொல்லிடலாமாய்யா?"

"சொன்னா தோத்துட்டோம்," என்றார் முனிரத்தினம். "அம்மா கிளம்பின இடத்துக்கு வரணும். அவ்வளவுதானே? அம்மாவால வர முடியல. கிளம்பின இடம் சும்மாத்தானே நிக்குது, அது வரட்டும்."

பச்சையப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஈரத் துணியோடு தொப்பளான் ஓடினான். பஸ் ஸ்டாண்டு போர்டைக் காலோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நட்டான்.

அம்மா கண் விழித்தார். போர்டைப் பார்த்தார். "அட, கிளம்பின இடத்துக்கே வந்துட்டேனே! ஒருத்தரைக் கூடக் கேக்கலையே!" பஸ் ஸ்டாண்டு எங்கே போயிற்று என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்து அந்த இடத்தைக் கொத்தளப்பட்டு என்று குறித்துக்கொண்டு, ஜீப்பை அங்கேயே வரச்சொன்னார்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மேப் அச்சாகி வந்தது. கொத்தளப்பட்டு கொட்டை எழுத்தில் இருந்தது. ஏகாம்பரத்தின் மல்லாட்டைக் கொல்லையில் இருந்தது.

குழு அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது.

"அரசாங்கம் தப்பாப் போடுமா?" என்றார் முனிரத்தினம். "நாமதான் இத்தனை காலமாத் தப்பான எடத்துல குடியிருந்திருக்கோம்."

"நம்ம அப்பன் பாட்டனுமா?"

"அவங்க மேப்பு பாத்தாங்களா, பாவம்."

மறுநாள் விடிந்ததும் ஊரில் பாதிப்பேர் பாய், பானை, கோழிக்கூண்டு சகிதம் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். அஞ்சலை சீர்த்தட்டோடு முன்னால் நடந்தாள். "எந்த ஊராவோ இருந்துட்டுப் போவுது. என் தம்பி ஊட்டாண்ட இருந்தா சரி," என்று சொல்லிவிட்டு, வேலியைத் தாண்டி நேரே காதுகுத்து வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஏகாம்பரம் கொல்லைக்கு ஓடிவந்தான். "மாமா! செடிய மிதிக்காதீங்க மாமா!"

"வா மச்சான்," என்றார் பச்சையப்பன், மேப்பை விரித்துக் காட்டி. "மொதமொதல்ல எங்க ஊருக்கு வந்திருக்க. கை நனைக்காமப் போவக் கூடாது."

ஏகாம்பரம் மேப்பைப் பார்த்தான், கொல்லையைப் பார்த்தான். அச்சில் இருப்பதை எதிர்த்துப் பேச அவனுக்கும் தைரியம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக உட்கார்ந்தான். விருந்தாளிக்குப் போடக் கறி வேண்டுமே? தொப்பளான் வேலி தாண்டிப் போய் ஏகாம்பரத்தின் வீட்டுப் பந்தியிலிருந்தே ஒரு தூக்கு நிறைய வாங்கிவந்தான். மாமனும் மச்சானும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

ஏகாம்பரம் ஒரு துண்டை மென்று பார்த்தான். "கறி நல்லாத்தான் இருக்குது மாமா. ஆனாலும் எங்க ஊட்டுக் கறி மாதிரி வராது."

பச்சையப்பன் இலையை விட்டு எழுந்துவிட்டார். "இனிமே இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். எங்க ஊருக்குப் போறேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வேப்பமரம் வரை நடந்தார். அங்கே போர்டு இருந்தது. படித்தார். யோசித்தார். திரும்பி வந்து அதே இலையில் உட்கார்ந்தார்.

முனிரத்தினம் எழுந்து நின்று கை தட்டினார். "மேடு ஏறல, யாரையும் வழி கேக்கல, கிளம்பின எடத்துக்கே வந்துட்டீங்க. நம்ம பாதைய ஒழுங்கா நடந்து முடிச்ச மொத ஆளு நீங்கதான் தலைவரே!"