மௌனமும் இடது பின்சக்கரமும்

“அம்மா, எனக்கு எப்போது தீட்சை?”

மூன்றாம் முறையாகக் கேட்டார் குற்றாலிங்கம். ஐம்பத்தாறு வயது. அம்பாசமுத்திரத்தை அடுத்த தொழிற்பள்ளி ஒன்றில் மோட்டார் வாகனப் பாடம் நடத்துபவர். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான மரகதவல்லி அம்மையாரைக் குருவாக ஏற்று, ஆற்றங்கரைச் சபைக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

“என்ன தகுதி சேர்த்திருக்கிறீர்?”

“மௌனம் காக்கிறேன், அம்மா. ஆயிரம் நாள் கடந்துவிட்டது.”

“இப்போது பேசுகிறீரே?”

“முழு மௌனம் இல்லை. ஒருவரிடம் மட்டும்.”

சபையில் யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

“யாரிடம்?”

“என் தம்பியிடம்.”

அம்மையார் ஆற்றைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை காலை உம் வீட்டுக்கு வருகிறேன். உம்முடைய காரிலேயே பாபநாசம் போவோம். அங்கே ஆற்றில் நீராடியதும் தருகிறேன்.”

வீடு திரும்பிய குற்றாலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

*

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. கீழே குற்றாலிங்கம், மாடியில் தம்பி நயினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் குற்றாலிங்கம் காசிக்குப் போயிருந்த சமயம், வாசலில் நின்ற மாமரத்தை நயினார் வெட்டிவிட்டார். மரம் நின்ற இடத்தில் அண்ணன் காருக்கு ஒரு கொட்டகையும் போட்டுவைத்தார். திரும்பி வந்த குற்றாலிங்கம் அடிமரத்தைப் பார்த்தார். “நல்லா இரு” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தம்பியோடு பேசவில்லை.

பேசாதிருப்பது எளிது என்று எண்ணுகிறவர்கள், ஒரே கூரையின்கீழ் அப்படி ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் குற்றாலிங்கம் மாடிப்படியைப் பார்த்து, “மோட்டாரை நிறுத்த இந்த வீட்டுல நாதி இல்ல” என்பார். நயினார் வானத்தைப் பார்த்து, “நிறுத்தியாச்சு” என்பார். இப்படி அந்த வீட்டில் மாடிப்படிக்கும் வானத்துக்கும் நல்ல பேச்சுவார்த்தை இருந்தது.

*

வெள்ளிக்கிழமை, சொன்னபடி அம்மையார் வந்தார். கார் புறப்பட்டது.

ரயில்வே கேட் வரைதான் போயிருப்பார்கள்.

“என்ன இது, கருகுகிற வாடை?”

குற்றாலிங்கம் இறங்கிப் போய்ப் பார்த்தார். இடது பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடைத்து ஊற்றினால் முட்டை வெந்துவிடும், அவ்வளவு சூடு.

“பிரேக்கு, அம்மா. பிடிக்குது. பிடிச்சதை விடமாட்டேங்குது.”

“எத்தனை நாளாக?”

“கொஞ்ச நாளாவே இருக்கு. மாத்த வேண்டிய ரப்பரெல்லாம் வாங்கி வச்சிருக்கேன். நேரம் வாய்க்கலை.”

“மலைப்பாதையில் இதோடு போகலாமா?”

“கூடாது.”

“அப்படியானால் திரும்பும். சரிசெய்யும். காத்திருக்கிறேன்.”

*

ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்தார்கள். சக்கரம் ஆறியதும் குற்றாலிங்கம் காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்குகட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். அம்மையார் கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய டயரின்மேல் அமர்ந்துகொண்டார்.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விக்கொண்டிருந்தது காலிப்பர். அது நகர்ந்து கொடுப்பதற்கென்று இரண்டு இரும்புப் பின்கள் உண்டு. ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. தட்டித் தட்டிக் கழற்ற அரைமணி ஆயிற்று. பிறகு, பிரேக்கை மிதித்தால் முன்னே வந்து அழுத்தும் பிஸ்டனை வெளியே எடுத்தார். தூசி உறை கிழிந்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

துடைத்தார். துருவைத் தேய்த்தார். மறுபடி துடைத்தார். புதிய ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்தில் பதித்தார்.

“அந்த வளையத்துக்கு என்ன வேலை?”

“ஆயில் கசியாம காக்கும், அம்மா. இன்னொரு வேலையும் உண்டு. பிரேக்கை மிதிச்சா பிஸ்டனோட சேர்ந்து கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பையில பிஸ்டனையும் கூட்டிட்டு வந்துரும்.”

“இத்தனை சிறிய வளையமா?”

“அது திரும்பலைன்னா சக்கரம் சுத்தாது.”

குற்றாலிங்கம் பிஸ்டனை உள்ளே வைத்து, திருகிக்கொண்டே அமுக்கினார்.

“நேரே தள்ளினால் போகாதோ?”

“முன்சக்கரத்துல போகும். இது பின்சக்கரம், கைப்பிரேக்கும் இதுக்குள்ளதான் இருக்கு. பலத்தைக் காட்டித் தள்ளினா உள்ளே உடைஞ்சிரும். திருப்பித் திருப்பித்தான் இறக்கணும்.”

“எல்லாம் அறிந்து வைத்திருக்கிறீர்.”

“இருபத்தெட்டு வருஷமா இதைத்தானே சொல்லிக்கொடுக்கேன்!” என்றார் குற்றாலிங்கம், முகம் மலர்ந்து.

*

காலிப்பர் ஏறியது. பின்கள் மசகோடு வழுக்கின. பிரேக் ஆயில் குழாயை மாட்டினார்.

“முடிந்ததா?”

“ஒரே ஒரு வேலை. குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்கும், அதை எடுத்துட்டாப் போதும். ஒரு ஆள் உள்ளே உக்காந்து பிரேக்கை மிதிக்கணும், மிதிச்சேன்னு வாயால சொல்லணும். நான் இங்கே திருகைத் திறப்பேன், காத்து வெளியேறும். நான் மூடினப்புறம்தான் காலை எடுக்கணும். முந்தி எடுத்தா போன காத்து திரும்ப உள்ளே ஏறிரும்.”

“தனியாக முடியாதோ?”

“முடியாது, அம்மா. வீட்டுக்காரியும் கடையத்துக்குப் போயிருக்கா. தாங்கள் கொஞ்சம் மிதிச்சு...”

அம்மையார் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

குற்றாலிங்கத்துக்கு விளங்கவில்லை.

அம்மையார் குனிந்து, சிமெண்டுத் தரையில் படிந்திருந்த பிரேக் தூசியில் விரலால் எழுதினார்: ‘எனக்கு இன்று மௌனம்.’

“இம்புட்டு நேரம் பேசினீங்களே, அம்மா!”

அம்மையார் அதன்கீழே இன்னொரு வரி எழுதினார்.

‘உம்மிடம் மட்டும்.’

குற்றாலிங்கம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னபோது பெருமையாக இருந்த சொல், எழுதிப் பார்க்கையில் வேறாக இருந்தது.

பிறகு மாடிப்படியின் பக்கம் திரும்பினார்.

“இங்கே பிரேக்கு மிதிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கு” என்றார் படியிடம்.

“ஆள் இருக்கு” என்றது மாடி.

*

நயினார் இறங்கி வந்தார். அம்மையாரைக் கும்பிட்டார். அண்ணனைப் பார்க்காமல் போய், பானட்டைத் திறந்து டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

குற்றாலிங்கம் சக்கரம் இருந்த இடத்தில் குந்தி, திருகில் சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டார்.

“மிதிக்கலாம்” என்றார், கழற்றிவைத்த டயரைப் பார்த்து.

பதில் இல்லை. மிதித்திருப்பான் என்று திருகைத் திறந்தார். அந்நேரம் பார்த்து நயினார் காலை எடுத்துக்கொண்டிருந்தார். வெளிக்காற்று உள்ளே ஏறிவிட்டது.

“மிதிச்சா சொல்லணும்லா!”

“யார்கிட்ட சொல்ல?” என்றார் நயினார், ஸ்டியரிங்கிடம்.

குற்றாலிங்கம் திருகை மூடினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“என்கிட்டதான்லே சொல்லணும், நயினாரு.”

உள்ளிருந்து குரல் வந்தது.

“மிதிச்சிருக்கேண்ணே.”

“அப்படியே வச்சிரு.” திறந்தார். பாட்டிலில் குமிழிகள் பொலபொலவென்று வந்தன. மூடினார். “காலை எடு.”

“எடுத்துட்டேன்.”

“மிதி.”

“மிதிச்சிருக்கேன்.”

“காலை எடு. மேலே டப்பாவுல ஆயில் குறைஞ்சா சொல்லு, ஊத்தணும்.”

“ஊத்திட்டுத்தான் உக்காந்தேன். நானும் வண்டி வச்சிருக்கவன்தான்.”

“ஆமா, பெரிய வண்டி! மொபெட்டு! மிதிலே.”

“மிதிச்சிருக்கேன். அண்ணே, அந்த மரம்...”

குற்றாலிங்கம் திருகை மூடினார். “காலை எடு. சொல்லு.”

“உள்ளே பூராக் கரையான். பொத்தலாப் போச்சு. நீ காசிக்குப் போன மறுநாள் ஒரு கொப்பு முறிஞ்சு விழுந்துது. உன் காரு நிக்கிற இடத்துல.”

“இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?”

“சொல்ல வந்தேன். நீ மௌனத்துல இருந்தே.”

குற்றாலிங்கம் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. மறுபடியும் துடைத்தார்.

“மிதி” என்றார்.

“மிதிச்சிருக்கேன். மதினிக்கு முழங்கால் வலி தேவலையா?”

“இருக்கு. காலை எடு. உன் மக பரீட்சை எப்படி எழுதினா?”

அம்மையார் எழுந்து பாட்டிலை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு காரின் பின்கதவைத் திறந்து, ஏறி, அவசரம் இல்லாதவர்போல் சாய்ந்து அமர்ந்துகொண்டார்.

பாட்டிலில் குமிழி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஆயில் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

“காத்து பூரா போயிருச்சாண்ணே?”

குற்றாலிங்கம் பாட்டிலைப் பார்த்தார்.

“இன்னும் இருக்குலே” என்றார். “மிதி.”