மூணு கோலுக்கு ஒரு ஆள்

“ஆசானே, பட்டப்பகல்ல கொள்ளையடிக்கானுவ!”

ரெஜிலா ஆசான் கடற்கரை மணலில் குச்சி நட்டு கோல் போஸ்ட் செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

“யாரு அண்ணே?”

கத்திக்கொண்டே வந்த வில்பிரட் சார் ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர். ஆசானைவிட ஒன்பது வயது மூத்தவர். இருந்தாலும் மனசு குழம்பினால், மாநில அணிக்கு ஆடிய இந்தப் பெண்ணிடம்தான் ஓடி வருவார்.

“முதல் டிவிஷன் காலேஜ்காரங்கதான். டோர்னமென்ட்ல அவங்களுக்கு நேரா கால் இறுதி. நாங்க ரெண்டாம் டிவிஷன். மொட்டை வெயில்ல மூணு நாள் மூணு மேட்ச் ஜெயிச்சு, நொண்டிக்கிட்டே போய் அவங்ககிட்ட உதை வாங்கணும். ஸ்பான்சரும் அவங்களுக்குத்தான். இப்ப என் டீம்லயே நல்லா ஆடுற ஆன்றோவையும் கேக்கானுவ!”

அந்தக் கல்லூரி மேனேஜர் போலவே மூக்கால் பேசிக் காட்டினார்.

“‘தம்ப்பீ, ஹாஸ்டல் ஃப்ரீ, பூட்ஸ் ஃப்ரீ, படிச்சு முடிச்சா வேலை. உங்க சார் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.’”

சட்டைப் பையிலிருந்து ஆன்றோவின் மாற்றல் தாளை உருவி ஆட்டினார்.

“இன்னைக்குக் கடைசி நாள். போட மாட்டேன். அவன் போனா எனக்கு டீமே இல்ல.”

“ஆன்றோ என்ன சொல்லுகான்?”

“போகணும்னுதான் நிக்கான்.”

“சரி. ஒரு ஆட்டம் ஆடுங்க.”

ஆசானிடம் பந்து பழக வந்திருந்த தெருப் பொடியன்கள் இரண்டு அணியாய்ப் பிரிந்தார்கள். ஒன்றுக்கு வில்பிரட் சாரே கேப்டன், அவரே கோல்கீப்பர்.

அவர் பக்கம் சஜின் என்றொரு பையன். பத்தே நிமிடம். மூன்று கோல்.

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து ஆடினார்.

எதிரணிப் பொடியன்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

“சாரே, ஆள் தாரும்!”

“என்ன ஆளு?”

“மூணு கோல் முன்னால போனவங்க, அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆளைக் குடுக்கணும் அண்ணே,” என்றார் ஆசான். “இங்க அப்படித்தான்.”

சார் தாடையைத் தடவினார். ரொம்ப யோசித்தார். பிறகு, தன் அணியில் மூலையில் நின்று சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஆறு வயது டிக்சனை முதுகில் தட்டி அனுப்பினார்.

குபீரென்று சிரிப்பு.

“லேய் மக்கா, சாரும் முதல் டிவிஷன்தாம்லே!”

சாரின் காது சிவந்தது. ஆசானைப் பார்த்தார். ஆசானோ கடலில் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“டிக்சா, திரும்பி வா,” என்றார் சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “சஜின்... நீ போ.”

சஜின் போனான்.

போன வேகத்தில் பந்தோடு வந்தான். ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவனை உட்கார வைத்தான். சார் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போனது.

வாய் நிறைய மணல்.

“நீருதானே அனுப்பினீரு! நல்லா வேணும்!” அவருடைய அணியே அவரைத் திட்டியது.

சார் மணலைத் துப்பிக்கொண்டே துள்ளி எழுந்தார்.

“பாத்தீங்களா ஆசானே! இடது கால்! என்னமா அடிச்சான் பாத்தீங்களா!”

“உங்களுக்கு எதிராத்தானே அண்ணே அடிச்சான்?”

சார் வாயிலிருந்த மீதி மணலைத் துடைத்தார்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மணல் தட்டினார். பேனாவையும் எடுத்தார்.

“லேய் சஜின், இங்க வா. குனிஞ்சு முதுகைக் காட்டு. ஆன்றோவுக்கு ஒரு கையெழுத்துப் போடணும்.”