திருவோடு கனத்த காலம்

செங்கமலத்தம்மாளின் மடத்தில் அடுப்பு கிடையாது. அவருடைய குரு வைத்த ஏற்பாடு அது. மதியம் ஒரு வேளை சீடர் ஊருக்குள் போவார். ஐந்து வீட்டு வாசலில் மணி அடித்து நிற்பார். வாய் திறந்து சோறு கேட்கக் கூடாது. அந்த வீட்டார் எல்லாரும் உண்டு முடித்து மிச்சம் இருந்தால் திருவோட்டில் விழும், இல்லையென்றால் அடுத்த வீடு. இன்னொருவர் வாய்க்குப் போக வேண்டிய சோறு மடத்துக்குள் வரக் கூடாது. மடத்தின் சட்டம் அவ்வளவுதான்.

ஓடு சுமக்கிறவர் மாரப்பன். அம்மாளைவிட வயதில் மூத்த சீடர். பஸ் கண்டக்டராக ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். விசிலை வைத்துவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். வயதுக்காக அம்மாள் அவரை ‘ஐயா’ என்பார். குரு என்பதால் மாரப்பன் அவரை ‘அம்மா’ என்பார்.

அவர் வந்த புதிதில் ஓடு லேசாகத்தான் இருக்கும். ஒரு கைப்பிடி சோறு, சட்டியின் அடியில் கிடந்த ரசம், எப்போதாவது ஒரு துண்டு கத்தரிக்காய். சில நாள் ஒன்றுமே விழாது. வெறும் ஓட்டோடு வந்து தலை குனிந்து நிற்பார். அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

“நல்லதுங்க ஐயா. இன்னிக்கு எல்லாரும் வயிறார உண்டிருக்காங்க.”

அப்புறம் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். மாரப்பனின் வயிறு மட்டும் கடமுட என்று பேசிக்கொண்டிருக்கும். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை.

பிறகு காலம் மாறியது. ஊரைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள் வந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் வேலையாட்கள் குடியிருக்க வரிசை வரிசையாக லைன் வீடுகள் வந்தன. மாரப்பன் அந்த வாசல்களில் மணி அடிக்க ஆரம்பித்தார். ஓடு கனக்கத் தொடங்கியது. அரிசிம்பருப்புச் சோறு விழுந்தது. முருங்கைக்கீரை விழுந்தது. பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், மேலே நெய். இரண்டாவது வீட்டிலேயே ஓடு நிறைந்துவிடும். மூன்றாவது வீட்டுக்காரி இவர் வருவதைப் பார்த்து ஓடி வந்து, கொஞ்சம் வாங்கிக்குங்க சாமி என்று கெஞ்சுவாள்.

மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் பக்தி வந்துவிட்டது என்றே நினைத்தார். தான் நீறு பூசுகிற அழகும் மணி அடிக்கிற பாங்கும்தான் அதற்குக் காரணம் என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு. கனத்த ஓட்டை ஏந்திக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

ஆனால் அம்மாள் சாப்பிடவில்லை. ஓட்டைப் பார்த்ததுமே அவர் முகம் வாடிவிடும். இரண்டு வாய் எடுத்து வைப்பார், மீதியை ஒதுக்கிவிடுவார். மாதங்கள் போகப் போக அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. மடத்து நாய்தான் கொழுத்தது. மாரப்பனின் மனைவியும் கடைசியில் இப்படித்தான் சோற்றை ஒதுக்கினாள். இன்னொரு முறை அதை உட்கார்ந்து பார்க்கிற தெம்பு அவரிடம் இல்லை.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அம்மா, எம்மேல ஏதாச்சும் தப்புங்களா? சோறு வாங்குற முறையில பிசகு ஏதும் இருக்குதுங்களா?”

அம்மாள் ஓட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “நல்லாப் பாருங்க ஐயா.”

பார்த்தார். சோற்றில் நெய் ஊற்றிக் குழையப் பிசைந்திருந்தது. கட்டி தட்டாமல், பல் முளைக்காத குழந்தைக்கும் கொடுக்கலாம் போல மசித்திருந்தது.

“மிச்சத்தை யாராச்சும் இப்பிடிப் பிசைவாங்களா?” என்றார் அம்மாள். “இது யாருக்குப் பிசைஞ்சதுன்னு கேட்டு, அவங்க கிட்டயே குடுத்துட்டு வாங்க.”

“வாய் திறக்கக் கூடாதுங்களே, அம்மா.”

“சோறு கேக்கத்தான் திறக்கக் கூடாது.”

மாரப்பன் வந்த வழியே திரும்பிப் போனார். அன்றைக்கு அந்தச் சோற்றைப் போட்டவள் லைனின் கடைசி வீட்டுத் துளசிமணி. தையல் மிஷினில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டு ஓடுகிறவள். ஓட்டோடு அவர் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. சோறு ஊசிப் போய்விட்டதா என்று பதறினாள். இல்லையம்மா, இது யாருக்குப் பிசைந்தது என்று மட்டும் அவர் கேட்டார்.

அவள் கதவை விட்டு விலகி நின்றாள்.

உள்ளே ஒரு பெண் குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பெயர் ஹர்சினி. கொழுகொழுவென்ற கன்னம், ஆனால் உதடும் நகமும் வெளுத்துக் கிடந்தன. மடியில் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட் பிரித்து வைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் ஆரஞ்சுப் பொடி.

துளசிமணி வாசலில் நின்றபடியே சொன்னாள். பிள்ளை நடை பழகும்போதே அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள். பசியில் அழக் கூடாதே என்று பிஸ்கட் வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். கொஞ்சம் வளர்ந்ததும், வெந்நீர் ஊற்றித் தானே கலக்கிக்கொள்கிற நூடுல்ஸ். அப்புறம் இந்தப் பாக்கெட்டுகள். எல்லாம் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான். சில மாதத்துக்கு முன் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். உடம்பில் ரத்தமே இல்லை, கீரையும் பருப்பும் கொடு என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து ஆக்கி வைக்கிறாள், மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வருகிறவளுக்கு ஓடி வந்து பிசைந்து ஊட்டுகிறாள். பிள்ளையோ வாயைத் திறப்பதில்லை.

“கொட்ட மனசு வரலீங்க சாமி. யாரோ ஒருத்தர் வயித்துக்காச்சும் போவட்டும்னுதான் உங்க ஓட்டுல போட்டேன்,” என்றாள். “இந்த லைன் பூராவும் அப்பிடித்தானுங்க.”

நெய் மணக்க மணக்கத் தான் ஏந்திக்கொண்டு நடந்த அத்தனை ஓடும் மாரப்பனுக்கு நினைவுக்கு வந்தது. பக்தி என்று நினைத்தாரே, அதை நினைத்துக் கூசிப் போனார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைக் கழுவி ஒரு வாய் உருட்டினார். கண்டக்டர் புத்தி எங்கே போகும்? உருண்டையைக் காற்றில் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வந்து, “வழி விடுங்க, வண்டி வருது, ஸ்டாப்பிங்ல ஆள் நிக்குது” என்றார். ஹர்சினி களுக்கென்று சிரித்தாள். சிரித்த வாய்க்குள் வண்டி நுழைந்துவிட்டது. வாசலில் துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழந்தை மென்றது. தாத்தாவுக்காக எப்படியாவது விழுங்கிவிட வேண்டும் என்று பாடுபட்டது. கண்ணில் நீர் முட்டியது, தொண்டை இரண்டு தரம் ஏறி இறங்கியது. முடியவில்லை. உள்ளங்கையில் துப்பிவிட்டு, தப்புச் செய்தவள் போல அவரைப் பார்த்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போல இருந்தது.

ஓட்டில் சோறு அப்படியே இருப்பதை அவள் எட்டிப் பார்த்தாள். தாத்தாவும் இன்னும் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் கைவிட்டு, இருந்ததையெல்லாம் அள்ளி ஓட்டில் போட்டாள்.

“இதைத் தின்னுங்க தாத்தா. இதுதான் நல்லாருக்கும்.”

மாரப்பன் மடத்துக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஓட்டை அம்மாளின் முன்னால் வைத்தார். பிசைந்த சோற்றின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பொரிகுச்சிகள் கிடந்தன.

“சோறு அம்மாக்காரி போட்டதுங்க,” என்றார். “மேல இருக்கறது புள்ளை போட்டது.”

நடந்ததையெல்லாம் சொன்னார்.

“அடுத்தவங்க வாய்ச் சோறு வரக் கூடாதுங்கறதுதானே நம்ம சட்டம்? இனிமே அந்த லைனுக்குப் போகலீங்க அம்மா.”

“நீங்க போகலைன்னா அந்தச் சோறு எங்க போகும்?”

“சாக்கடைக்குத்தானுங்க.”

“கொட்டிக் கொட்டிப் பார்த்துட்டு, ஒருநாள் அவ ஆக்குறதையே விட்டுருவா.”

அம்மாள் ஓட்டைக் கையில் எடுத்தார். குழந்தை போட்ட குச்சிகளை முதலில் தின்றார், ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு சோற்றை எடுத்து உண்ணத் தொடங்கினார். நாய் வந்து வாலை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அம்மாளின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, அதைத் துடைக்காமலே அவர் உண்டுகொண்டிருந்தார்.

அவர் சாப்பிட வேண்டும் என்றுதான் மாரப்பன் இத்தனை நாள் ஏங்கினார். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

“எத்தனை நாளைக்குங்க அம்மா?” என்றார்.

அம்மாள் கடைசி வாயை வழித்து உண்டார். ஓட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“நீங்க வெறும் ஓட்டோட வந்து நிக்கற வரைக்கும்.”