தளவாய் சொன்ன சாட்சி

ஒரு காலத்தில் செம்பனூர் நாட்டை மகுடவர்மன் என்றோர் அரசன் ஆண்டான். அவன் புகழ் பாட ஆயிரம் புலவர்கள் உண்டு. நான், அவனுடைய ஒற்றன் ஆண்டியப்பனுக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவேன்.

முதலாவது: பகைநாடான வடகரை அவனை நம்பவேண்டும் என்பதற்காக, "ஆண்டியப்பன் ராஜத்துரோகி" என்று முச்சந்தியில் முரசறைந்து நாடு கடத்தினார்கள். ஓலையை வாசித்தவர் தளவாய் சூரநாதர். இரண்டாவது: அது நாடகம் என்று அவன் மனைவி உமையாத்தாளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது: ஊர்க்கிணற்றில் அவள் குடம் இறங்க ஊரார் விடவில்லை. நான்காவது: பதினான்கு வருடம் அவன் அனுப்பிய செய்திகளையெல்லாம் தாமே வேவு பார்த்ததாகச் சொல்லி, தளவாய் ஒரு யானையைப் பரிசு வாங்கினார். ஐந்தாவது: உமையாத்தாள் செத்தபோது பாடை தூக்க நாலு பேர் வரவில்லை. ஆறாவது: போர் ஓய்ந்து ஆண்டியப்பன் திரும்பியபோது அரசனுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது.

திரும்பியவன் பழக்கதோஷத்தில் கொல்லைச் சுவரேறிக் குதித்தான். மகள் மருதாயி உலக்கையால் ஒரு போடு போட்டாள்.

"ஐயோ, நான் உன் அப்பன், தாயி!"

"அப்பனுக்கு வாசல் தெரியாதா?"

அதன்பிறகு வாசல் வழியாக வரப் பழகினான். ஆனாலும் கதவைப் பார்த்தே உட்காருவான். அவள் போட்ட சோற்றில் பூனைக்கு ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டே சாப்பிடுவான். அவளும் அவனை "பெரியவரே" என்றே கூப்பிட்டாள்.

மருதாயிக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். "பெண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா நிச்சய ஓலையில துரோகி பேரை வாசிச்சா எங்க சனம் எந்திரிச்சுப் போயிடுமே!"

ஆண்டியப்பன் அரசவைக்குப் போனான். அரசன் கிளிக்குக் கொய்யாப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தான்.

"யாரப்பா நீ?"

"தங்கள் ஒற்றன், அரசே. துரோகி என்று நாடகமாக நாடு கடத்தப்பட்டவன்."

தளவாய் சிரித்தார். "வடகரையை வேவு பார்த்தது அடியேன். இவன் பித்தன்."

"சாட்சி உண்டா?" என்றான் அரசன்.

"சாட்சி வைத்துக்கொண்டு வேலை செய்தால் அவன் ஒற்றனா, அரசே?"

அரசனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை பிறந்தது. "சரி, இந்தத் தளவாயே உனக்குச் சாட்சி சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். எட்டு நாள் தவணை. தவறினால் மறுபடியும் நாடு கடத்துவேன், இந்தமுறை நிஜமாகவே!"

அவை சிரித்தது. தளவாய் அதிகமாகச் சிரித்தார்.

எட்டாம் நாள் வடகரைத் தூதர் வந்தார். நீண்ட தாடி, அரக்குப் பட்டுத் தலைப்பாகை, பக்கத்தில் மீசை வைத்த எழுத்தர்.

"அரசே, எங்கள் மன்னர் உங்களோடு நட்பை விரும்புகிறார். ஒரே நிபந்தனை. எங்கள் அரண்மனையில் சமையற்காரனாக இருந்து கோட்டை ரகசியத்தைக் கடத்திய ஒற்றனை ஒப்படைக்க வேண்டும். கொப்பரையில் எண்ணெய் காய்கிறது."

"இவ்வளவுதானா!" என்றான் அரசன். "தளவாயே, புறப்படும்!"

தளவாயின் முகம் வெளுத்தது. "அரசே! நான் ஆற்றைத் தாண்டியதே இல்லை! எனக்கு உலை வைக்கவே தெரியாது! எல்லாம் அந்த ஆண்டியப்பன் செய்தது! அவன் துரோகி என்று முரசறைந்ததுகூட நாம் போட்ட நாடகம்!"

"வாயால் சொன்னால் போதாது," என்றார் தூதர்.

"ஓலையைக் கொடும் ஐயா, கைப்பட எழுதித் தருகிறேன்!"

எழுத்தர் ஓலையை நீட்ட, தளவாய் மூச்சுவிடாமல் எழுதி முத்திரையும் வைத்தார். தூதர் அதை வாங்கி அரசனிடம் கொடுத்துவிட்டுத் தாடியைப் பிய்த்தார்.

"இன்றோடு எட்டு நாள், அரசே. சாட்சி வந்துவிட்டது."

எழுத்தரும் மீசையைக் கழற்றினார். மருதாயி! "பார்த்து, அப்பா! தாடி கூத்துக்காரருடையது, பத்திரம். தலைப்பாகை அம்மாவோட கூறைச்சேலை, அதைவிடப் பத்திரம்."

"பெரியவரே" போய் "அப்பா" வந்ததில், ஆண்டியப்பன் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தான். தாடி பிய்ந்த வலி என்று அவை நினைத்தது.

எட்டு நாளைக்கு முன் எதிரே நின்றவனை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பெரிய இடத்தார் நம் முகத்தை எந்தக் காலத்தில் பார்த்தார்கள்? அவர்கள் பார்ப்பது பட்டுத்துணியை மட்டும்தான்.

அரசன் முதலில் வாளைத் தொட்டான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். அரசர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, சிரிப்பார்கள். அதையே மன்னிப்பு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"தளவாயின் யானை இனி உனக்கு!"

"யானை எங்கள் வாசலில் நுழையாது, அரசே," என்றாள் மருதாயி. "எங்க அப்பாவைத் துரோகி என்று வாசித்த அதே முச்சந்தியில், அதே வாய் என் நிச்சய ஓலையை வாசிக்கட்டும்."

வாசித்தது. ஊரே கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் சம்மணமிட்டிருந்தார்கள். தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாட்டின் ஒற்றர் ஆண்டியப்பன்…" என்று தொடங்கினார்.

"நிறுத்தும்," என்றான் ஆண்டியப்பன். "முதலில் அவள் பெயர்."

தளவாய் முனகினார்.

"காதுல விழலையே!" என்றது கிணற்றடிக் கூட்டம்.

தளவாய் ஓலையை உயர்த்திப் பிடித்து, முச்சந்தியின் மூன்று தெருவுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"உமையாத்தாள்."